எர்மீனியாவின் தேர்தல் மாலை

சுவிஸ் மலைப் பள்ளத்தாக்கான எங்கடினில் பாலேந்திரன் வேலைபார்த்த ஹோட்டலில் சலவைக்குப் பொறுப்பு எர்மீனியா. எல்லைக்கு அப்பாலுள்ள இத்தாலிய மலைக்கிராமத்தில் பிறந்து, சிறுவயதிலேயே இஸ்திரி போட வந்தவர். இத்தாலியத் தொழிலாளரின் கம்யூனிஸ்ட் கிளையில் கோப்பி ஊற்ற ஆள் வேண்டுமென்று அவரைச் சேர்த்தார்கள். சில வருடங்களில் அவரே செயலாளர். அந்தக் கதிரையில் ஒரு பெண் இருந்தது அதுதான் முதல் தடவை. யார் அதிகநேரம் பேசுகிறாரோ அவரே எல்லோருக்கும் கோப்பி ஊற்றவேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே சட்டம் போட்டார். அதன்பிறகு கூட்டங்கள் சீக்கிரமாக முடிந்தன.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், தன் கிராமசபைத் தேர்தலில் நின்றார். அந்தச் சபையில் அதுவரை பெண் வாடையே கிடையாது. தோற்றால் கிளையிலுள்ள ஆண்கள் மறுபடி கோப்பிக் கேத்தலை நீட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சலவையில் அவருக்கு உதவியாளான பாலேந்திரன் சுவிஸுக்கு வந்து ஆறுமாதம்கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்தில் மாமாவின் தேர்தல் வேலைகளில் ஓடித் திரிந்தவன். வேட்பாளர் வெறுங்கழுத்தோடு போவதாவது? சாப்பாட்டு மேசைகளிலிருந்த சிவப்புப் பூக்களை உருவிக் கட்டி, ஸ்டேஷனில் எல்லோரும் பார்க்க அவர் கழுத்தில் போட்டான். எர்மீனியா முகம் சிவந்து, ஒன்றும் பேசாமல் ஊருக்கு ரயில் ஏறினார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போனார் என்று இவன் நினைத்தான்.

ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவும் மகேஸ்வரன் இதைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான்.

"இஞ்சை மாலை போடுறது மாட்டுக்கு. புரட்டாதியிலை மலையிலையிருந்து இறக்கேக்கை, முன்னுக்கு வாற மாட்டுக்கு மாலை போட்டு, பெரிய மணியும் கட்டுவினம்."

சொந்த நாட்டில் வாக்குப்போட வழியில்லாமல் வந்தவன், இன்னொருத்தியின் வாக்கையும் கெடுத்துவிட்டேனே என்று பாலேந்திரன் உண்மையாகவே அழுதான். அந்தக் கலக்கத்தில் வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புத் துணியையும் போட்டுத் தோய்த்துவிட்டான். ஹோட்டல் முழுக்க ரோஸ் நிறம்.

திங்கட்கிழமை எர்மீனியா ரயிலால் இறங்கியபோது, வாடிய மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது. ஊரில் வைன் கடை வாசலில் நின்ற ஆண்கள் மாடுமாதிரிக் கத்தினார்களாம். கழற்ற நினைத்துக் கையை வைத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டாராம். மாலையோடேயே தொழுவம் தொழுவமாகப் போய், இந்த ஊரில் மந்தையை வீட்டுக்குக் கூட்டிவருவது பசுவா, வைன் கடை வாசலில் கத்துகிறவர்களா என்று பெண்களைக் கேட்டாராம். அவர்கள் சிரித்துக்கொண்டே போய் வாக்குப்போட்டார்கள். எர்மீனியா வென்றுவிட்டார்.

பாலேந்திரன் தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். எர்மீனியா அவன் தோளில் கையைப் போட்டார்.

"அதை விடு. மாலையைக் கட்டினனி, மணியை ஏன் மறந்தனி?"