வயிற்றில் சுற்றிய பிளாஸ்டிக்

மலேசியாவின் காஹாங் ரப்பர்த் தோட்டப் பள்ளியின் பழைய மாணவர் விளையாட்டு விழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கு முன், குச்சி கைமாற்றும் அஞ்சல் ஓட்டத்தில் ஜெயித்த நான்கு பெண்களும் மீண்டும் ஓட வேண்டுமாம். அவர்களில் இரண்டாவதாக ஓடியவள் யோகேஸ்வரி. இப்போது பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். எடை எண்பத்திரண்டு கிலோ. இந்த உடம்போடு அந்தத் திடலில் போய் நிற்பதா என்று கூசினாள்.

"வேர்வை ஊத்துனாத்தான் கொழுப்பு கரையும் லா," என்றாள் கூட வேலை செய்யும் ராஜம்மா. "தூங்குனா உடம்பு வைக்கும். ஷிப்டு முடிஞ்சதும் நட."

பெட்டிகளுக்குச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக்கைக் கிழித்து வந்து யோகேஸ்வரி வயிற்றில் இறுகச் சுற்றிக்கொண்டாள். இரவு ஷிப்டு முடிந்த கையோடு, காலை வெயிலில் அடுக்குமாடியை ஆறு முறை சுற்றினாள். தராசு ஒரு கிலோ குறைத்துக் காட்டும். தண்ணீர் குடித்ததும் அது திரும்பிவிடும். சோற்றைக் குறைத்தாள். தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது.

நடக்கும்போதெல்லாம் தோட்டம் நினைவில் வந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஜெனரேட்டர் நின்றதும் லயத்து வீடுகள் எல்லாம் உறங்கிவிடும். விடிந்ததும் பனி காயாத திடலில் வெறுங்காலோடு ஓட்டம்; ரப்பர்ப் பால் வாசம்; மூன்றாவதாக நிற்கும் கருப்பாயியின் நீட்டிய கை. எவ்வளவு ஒல்லியாக இருந்தோம் என்று ஏங்கினாள். அந்த ஒல்லியில் பாதி பசி என்பதை ஏக்கம் மறைத்துவிட்டது.

பதினாறாம் நாள் மயங்கி விழுந்தாள். கிளினிக்கில் டாக்டர் பிளாஸ்டிக்கைக் கத்தரித்து எடுத்தார்.

"போனது தண்ணிம்மா, கொழுப்பு இல்ல. எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

பதினேழு வருட வேலையில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். 'எடையைக் குறைப்பீர்' என்று தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருக்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டைக் குறைப்பது பற்றி எந்தச் சுவரிலும் எழுத்தில்லை.

"தூங்குனா குண்டாயிருவோம்னு சொன்னாங்க டாக்டர்."

"தூங்காட்டிதான் பசி கூடும். நல்லா தூங்கிச் சாப்பிட்டுட்டு, அடுத்த வாரம் வந்து காட்டுங்க. ஓடலாமான்னு அப்புறம் சொல்றேன்."

டாக்டர் கொடுத்த மூன்று நாள் எம்.சி. விடுப்பு முழுவதும் தூங்கினாள். பிறகு டாக்டரின் கடிதத்தோடு சூப்பர்வைசர் காளிதாஸிடம் போய்ப் பகல் ஷிப்டு கேட்டாள்.

"உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும் தம்பி. எல்லாருக்கும்தான தூக்கம் வருது?"

இரண்டு வாரத்துக்குக் கிடைத்தது. டாக்டரும் ஓடலாம் என்றார்.

விழாவன்று அவள் தொப்பையோடுதான் ஓடினாள். இரண்டு பேர் முந்திப் போனார்கள். மூச்சு வாங்க, குச்சியைக் கருப்பாயியின் கையில் வைத்தாள்.

"அலமாக், நல்லா சதை போட்டுட்டடி!"

"வாயை மூடிட்டு ஓடுடி!"