கோட்டைக்குள் படுத்த ராஜா

தனகோட்டி தன் நிழலையே இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடப்பார். செஞ்சிக் கோட்டையில் ஒன்பது வருஷமாகத் தினக்கூலிக் காவலாள். காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பீரங்கியைத் தட்டிப் பார்ப்பார், ராத்திரியோடு ராத்திரியாக எவனாவது மாற்றி வைத்திருந்தால் என்ன செய்வது என்று. வீட்டில் பெண்சாதி தைலம்மாள் ரசத்தில் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால், எதை மறைக்க இவ்வளவு மிளகு என்று கேட்பார். கல்யாணமான புதிதில் அவள் அழுதாள். அப்புறம் பழகிப் போய்விட்டது. "ரசத்தத்தான் மறைக்கிறேன், குடி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அறுபத்தாறாம் வருஷம் வைகாசியில் அவருக்கு ஒரு சேதி வந்தது. மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பதினைந்து நாளில் கோட்டையைப் பார்க்க வருகிறார். எல்லாம் ஒழுங்காக இருந்தால் தனகோட்டியின் வேலையை நிரந்தரம் செய்வார். இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். வேறொருவனாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். தனகோட்டிக்குச் சந்தேகம் வந்தது. ஒன்பது வருஷம் வராத ஆள் இப்போது ஏன் வருகிறார்?

மறுநாளே கோட்டைக்குள் பழைய நெற்களஞ்சியத்துக்கு எதிரில் இருந்த வெட்டவெளியில் ஒரு யானை நின்றது. பனங்கொட்டையால் உடம்பு, பனமட்டையால் கால், காய்ந்த வாழைநாரால் தும்பிக்கை. பக்கத்தில் பதினோரு ஆடுகளும் பன்னிரண்டு பிள்ளைகளும். நடுவில் லூர்துமேரி.

லூர்துமேரி கோட்டை அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவள். வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வேர்க்கடலை பிடுங்கப் போகிற பெண்கள், பள்ளிக்கூடம் லீவு விட்டதால் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சும்மா விட்டால் அந்தப் பன்னிரண்டும் குரங்குகளுக்குப் பாறை ஏறக் கற்றுக்கொடுக்கும். அதனால் கையில் அகப்பட்டதை எல்லாம் கொடுத்து எதையாவது செய்யச் சொன்னாள்.

"இன்னாம்மா இது?" என்றார் தனகோட்டி.

"யானைண்ணே."

"யானைன்னா தும்பிக்கை எதுக்குக் களஞ்சியத்தப் பாத்துக்கினு இருக்குது?"

"அந்தப் பக்கந்தான் நெழலு இருக்குது."

யானைக்கு எதற்கு நிழல்? அதுவும் பனங்கொட்டை யானைக்கு? தனகோட்டி மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார். கோட்டைக்கு அடியில் புதையல் இருக்கிறது என்று செஞ்சியில் நம்பாதவர் யாருமில்லை. இவள் இடத்தைக் குறி வைக்கிறாள்.

மூன்றாம் நாள் கூழாங்கல்லில் ஒரு பல்லி. ஆறாம் நாள் புளியங்குச்சியும் வேப்பங்கொழுந்துமாக ஒரு மயில். யானையின் தும்பிக்கையிலிருந்து ஒரு கோடு, பல்லியின் வாலிலிருந்து ஒரு கோடு, மயிலின் அலகிலிருந்து ஒரு கோடு என்று மனசாலேயே இழுத்துப் பார்த்தார். மூன்றும் ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதரில் போய் முடிந்தன. புதருக்குள் தலையை விட்டார். தைலம்மாள் அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை அவர் கன்னத்திலிருந்து முள் எடுத்தாள். எடுத்த முள்ளில் ஒரு வேலி கட்டியிருக்கலாம்.

அதற்கப்புறம் காவல் கடுமையானது. தினமும் ஆடுகளை எண்ணினார். பிள்ளைகளின் டவுசர் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தார். ஒரு நாள் பதினோரு ஆடு பன்னிரண்டானபோது, குட்டி போட்டது என்று லூர்துமேரி சொன்னதை நம்பாமல், குட்டியையும் தாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஜாடை பார்த்தார்.

பதினான்காம் நாள் பிள்ளைகள் வற்றிய குளத்திலிருந்து கூடை கூடையாக மண் சுமந்தன. ஒன்றின் கையில் தேங்காய் நார், ஒன்றின் கையில் வேப்பிலை, ஒன்றின் மடியில் குங்குமம், இன்னொன்றின் கையில் இரண்டு முட்டை. தனகோட்டி ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணினார். மாந்திரீகத்துக்கு வேறென்ன வேண்டும்? கோழி மட்டும்தான் பாக்கி. முட்டை வந்துவிட்டதே, கோழி பின்னாலேயே வரும். அன்றைக்கென்று பார்த்து அவரை மலைமேல் புல் வெட்டப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரி வருகிற நாள் காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தார். களஞ்சியத்துக்கு எதிரில் ஒரு ராஜா மல்லாந்து கிடந்தான். இருபது முழ நீளம். அரிவாள் போல மீசை, முட்டை இரண்டும் கண், தேங்காய் நார் தலைமுடி, அகட்டிப் போட்ட கால், தொடையில் குங்குமம். துரியோதனன்.

திரௌபதியம்மன் திருவிழா பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கடைசி நாள் களத்தில் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைப்பார்கள். பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார், பெண்கள் துடைப்பத்தால் அடிப்பார்கள், அதற்கப்புறம் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் நெல் கொட்டி வைக்கிற குதிரில் போட்டுக்கொள்வார்கள். அடி விழுவதற்கு முன்னால் அந்த உருவத்தில் கை வைக்கிற தைரியம் செஞ்சியில் எவனுக்கும் கிடையாது.

"இன்னாம்மா செஞ்சி வெச்சிருக்கிற?"

"தூங்குற ராஜாண்ணே," என்றாள் லூர்துமேரி. "கிறிஸ்மஸுக்கு எங்க குடில்ல மூணு ராஜா நடந்து வருவாங்க. அதுல ஒருத்தரு களைச்சிப்போயி படுத்துட்டாருன்னு சொன்னேன். புள்ளைங்க இப்பிடிப் படுக்க வெச்சிதுங்க."

அவள் சொன்னது என்னவோ நிஜம். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மண்ணில் படுத்த ராஜா என்றால் ஒருத்தன்தான். அவர்கள் கை தானாக அவனைச் செய்துவிட்டது.

"கலைங்க எல்லாம்," என்றார் தனகோட்டி.

"அடிக்காம கலைக்கக் கூடாது மாமா," என்றாள் பவுனு. பிள்ளைகளில் மூத்தவள், ஒன்பது வயசு. "கலைச்சா கை வெளங்காது."

தனகோட்டி மண்வெட்டியைத் தூக்கினார். கை தூக்கினபடியே நின்றது. துரியோதனன் முட்டைக்கண்ணால் அவரையே பார்த்தான்.

"நான் கலைக்கட்டா?" என்றாள் லூர்துமேரி. "எனுக்கு ஒண்ணும் ஆவாது. ரெண்டு நிமிஷம்."

அங்கேயே முடிந்திருக்க வேண்டிய கதை. ஆனால் அவள் ஏன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள்? தலைக்குள் எதையோ புதைத்து வைத்திருக்கிறாள், கலைக்கிற சாக்கில் எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறாள். "நீ தொடாத," என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடினார் தனகோட்டி.

பீமன் வேஷம் கட்டுகிற அரிகிருஷ்ணன் சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தொடையில ஒரு அடி அடிச்சிட்டு வந்துடு. அஞ்சி நிமிஷம்."

"மோளம் இல்லாம கதைய தூக்க மாட்டேன்."

"ஆபீசரு வர்றாருய்யா. பதினோரு மணிக்கு."

"எமனே வரட்டும். மோளம் வேணும்."

மேளக்காரரைத் தேடிப் பிடித்தார்கள். பீமன் கதாயுதத்தோடும் மேளத்தோடும் கடைத்தெருவில் நடந்தால் யார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? திருவிழா முடிந்த மாசத்தில் இன்னொரு துரியோதனன் என்றதும், பெண்கள் இருந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மேல்மலையனூருக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் நின்றது, அதிலிருந்தவர்களும் இறங்கினார்கள். பாதி செஞ்சி கோட்டைக்குள் வந்துவிட்டது. மீதிப் பாதி வழியில் இருந்தது.

அதிகாரியின் ஜீப் பத்து மணிக்கே வந்துவிட்டது.

அவர் இறங்கியபோது பீமன் அடித்து முடித்திருந்தார், துடைப்பங்கள் பறந்துகொண்டிருந்தன. மேளம் சட்டென்று நின்றது. அதிகாரி தனகோட்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார், காலிலிருந்து தலைவரை பார்த்தார். அப்படியொரு பார்வையை அதுவரை கோட்டையில் தனகோட்டி மட்டும்தான் வைத்திருந்தார். தன்மேல் விழுந்தபோதுதான் அது எவ்வளவு அரிக்கிறது என்று தெரிந்தது.

"யார் அனுமதி கொடுத்தது? எத்தனை நாளா இப்படி ஆள உள்ள விட்டுக்கிட்டு இருக்க?"

தனகோட்டி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ஒன்பது வருஷம் போச்சு என்று நினைத்தார்.

லூர்துமேரி முன்னால் வந்தாள். "நாந்தாங்க ஐயா புள்ளைங்கள வெச்சி செஞ்சேன். எங்க வழக்கத்துல இது இல்ல, எனுக்குத் தெரியல. இவுரா ஆள வுடுவாரு? என் ஆட்டுக்குட்டிய தாயோட நிறுத்தி ஜாடை பாத்தவருங்க."

"என் கதைய வாங்கிக் குலுக்கிப் பாத்தாரு சார், உள்ள இன்னா இருக்குதுன்னு," என்றார் பீமன். "இப்ப வர்ற வழியில."

"தெனம் பாக்கெட்ட தட்டுவாரு," என்றாள் பவுனு. "எனுக்குப் பாக்கெட்டே இல்ல. அதுக்கும் ஏன் இல்லன்னு கேட்டாரு."

அதற்குள் ஜனம் மண் எடுக்கத் தொடங்கிவிட்டது. தனகோட்டி வேலை போவதைக்கூட மறந்து துரியோதனன் தலைமாட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொருத்தர் கையையும் விரிக்கச் சொல்லி, மண்ணை உதிர்த்துப் பார்த்துத்தான் விட்டார். ஒரு கிழவியின் பிடி மண்ணை இரண்டு தடவை பார்த்தார். அதிகாரி இடுப்பில் கை வைத்தபடி நின்று பார்த்தார். அரை மணி நேரத்தில் துரியோதனன் செஞ்சியின் குதிர்களுக்குப் போய்விட்டான். தரை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. புதையல் என்று கிடைத்தது இரண்டு முட்டை. அதிலும் ஒன்று உடைந்திருந்தது.

"காவலுக்கு இந்த ஆள்தான்," என்று சொல்லி, அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஆடி மாசம் உத்தரவு வந்தது. நிரந்தரம். தைலம்மாள் பாயசம் வைத்தாள். தனகோட்டி தொடவில்லை.

"அவ எதுக்கு எனுக்காகப் பேசினா?"

"உனுக்கு நல்லது செஞ்சிருக்குது அந்தப் பொண்ணு."

"அதான் கேக்கறேன். எதுக்கு?"

அவள் பாயசத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தனகோட்டி நேராக லூர்துமேரியிடம் போய் நின்றார்.

"உண்மைய சொல்லு. அன்னிக்கி எதுக்கு எனுக்கு சாதகமா பேசின?"

லூர்துமேரி பூவரச இலையில் ஆமை ஓடு தைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள், ஆடுகளைப் பார்த்தாள். "நீங்க போயி வேற ஆளு வந்தா, இந்த ஆட்ட உள்ள வுடுவானாண்ணே? நீங்க எண்ணறதோட சரி."

தனகோட்டியின் முகம் இரண்டு மாசத்துக்கப்புறம் மலர்ந்தது.

"எனுக்கு அப்பவே தெரியும்," என்று சொல்லிவிட்டு, ஆடுகளை எண்ணத் தொடங்கினார்.