வெற்றிலைச் சாடியின் ஓட்டை

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்த ஒரு பெடியனுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் அறை கிடைப்பது லேசான காரியம் அல்ல. தங்குபவர்களின் விபரத்தை அவ்வப்போது புதிய படிவத்தில் எழுதிப் பொலிசில் கொடுக்கவேண்டும். நான் நிரப்ப, வீட்டுக்கார அன்ரி கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை.

அன்ரி வெற்றிலைப் பிரியை. மூன்றாம் மாடிப் பல்கனியில் நாலு சாடிகளில் கொடி வளர்த்தார். "கொடியைப் பாத்துக்கொள்ளும் தம்பி. அது பட்டுப்போனால் நீரும் பெட்டியைக் கட்டும்" என்பார். அதைப் பகிடி என்று நம்ப எனக்குத் துணிவு வரவில்லை.

சாடிகளின் அடி ஓட்டையால் ஒழுகிய தண்ணீர், கீழ்வீட்டு முஸ்லிம் அம்மா தோய்த்துக் காயப்போட்ட உடுப்புகளில் சொட்டியது. அவர் ஏறிவந்து முறையிட்டார். நல்ல பிள்ளை என்று பெயரெடுக்க, அன்றே ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்தேன். இத்தனைக்கும் பகலில் நான் பார்த்த வேலை, தாவர நோய் ஆய்வுகூடத்தில் அழுகிய வேர்களைக் கழுவுவது.

சில கிழமைகளில் கொடிகள் வாடின. வாடியதைக் கண்ட அன்ரி இன்னும் இரண்டு செம்பு ஊற்றினார். ஒரு பிடி மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் கரைத்து, நல்ல வெற்றிலைத் துண்டுகளை மிதக்கவிட்டேன். மூன்றாம் நாள் அவற்றின் ஓரம் கறுத்திருந்தது. நீர்ப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, இனம் வேறு. தேங்கிய தண்ணீரில் நீந்திப்போய் வேரைப் பிடிக்கும். சோதனைச் சாவடியில் நிறுத்தி நீ யார் என்று கேட்டால், என்னைப் போலவே முழிக்கும்.

வீடு திரும்பியபோது அன்ரி செத்தல் மிளகாய் எரித்துக்கொண்டிருந்தார்.

"கீழ்வீட்டாளின்ர கண்தான் தம்பி. அவ வந்து பாத்திட்டுப் போன பிறகுதான் எல்லாம். இப்ப போய்க் கேக்கப்போறன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அறை மிஞ்சும். புகையில் இருமல் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"கண் இல்லை அன்ரி. நான்தான் ஓட்டையை அடைச்சனான். தண்ணி தேங்கி வேர் அழுகிப்போச்சு."

"நீர் படிச்சது என்ன?"

"வேரில வாற நோய்."

அன்ரி உள்ளே போய்ப் பொலிஸ் படிவத்தை எடுத்துவந்து மேசையில் போட்டார். பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

"தொழில் எண்ட இடத்தில ஆய்வுகூடம் எண்டு எழுதாதையும். எனக்கு வெக்கம்."

படிவத்தின் அடியில் அவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார்.