தன் கிணற்றைத் தானே கெடுப்பார்களா? வீட்சேக்கு ஒரு சனிக்கிழமை

போன மாதம் ஒரு சனிக்கிழமை, வட ஜெர்மனியில் வீட்சே என்ற சின்ன ஊருக்கு எண்ணெய்க் கிணறு பார்க்கப் போய்வந்தேன். இந்த நாட்டுக்கு வருகிறவர்கள் கோட்டை பார்ப்பார்கள், ரைன் நதியில் படகு ஏறுவார்கள். எனக்கு இப்படி ஒரு ஆசை வந்ததற்குக் காரணம் என் தம்பி செந்தில்.

செந்திலுக்கு வளைகுடா நாடு ஒன்றில், எண்ணெய் வயலின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. நாட்டின் பெயர் வேண்டாம். சில மாதங்களாக அங்கே அமைச்சர்கள் தொலைக்காட்சியில் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தாக்கினால் எங்கள் கிணறுகளை நாங்களே அழித்துவிடுவோம், யாருக்கும் ஒரு சொட்டு கிடைக்காது என்று. தம்பியின் ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம். "நீ சொல்லுக்கா, இருக்கவா, கிளம்பவா?" என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டான்.

நான் கார்ல்ஸ்ரூஹேயில் மென்பொருள் சோதிக்கிறவள். எனக்கு எண்ணெய் என்றால் நல்லெண்ணெய். யூடியூப் நிபுணர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கிணற்றை அழிப்பது என்றால் என்னவென்று கண்ணால் பார்த்துவிட்டாவது பதில் சொல்வோமே என்று டிக்கெட் எடுத்தேன். வீட்டுக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

காலை 6.58க்கு கார்ல்ஸ்ரூஹேயில் அதிவேக ரயில். ஹனோவரில் இறங்கியபோது மணி பதினொன்று. முன்கூட்டியே எடுத்ததால் ஒரு வழிக்கு 37.99 யூரோ. அங்கிருந்து செல்லே ஊருக்கு வட்டார ரயிலில் 25 நிமிடம். நாடு முழுக்க வட்டார ரயில்களில் செல்லும் மாத டிக்கெட் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செலவில்லை. அறிவிப்பில் 'ட்செல்லே' என்று கேட்கும், குழம்ப வேண்டாம்.

செல்லேயிலிருந்து வீட்சே 17 கிலோமீட்டர். பஸ் நிறுத்தத்தில் அட்டவணை இருந்தது, நேரம் இருந்தது, பஸ்தான் வரவில்லை. அரை மணி நேரம் நின்ற பிறகுதான் நேரத்துக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு ஃபோன் படம் கண்ணில் பட்டது. ஒரு மணி நேரம் முன்னதாகக் கூப்பிட்டுச் சொன்னால்தான் அந்த பஸ் வரும். வேலையில் அடுத்தவர்களின் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ரயில் நிலைய வாசலில் ஒரே ஒரு டாக்சி. முன்கண்ணாடியில் சின்னதாக ஒரு பிள்ளையார்.

"தமிழோ?" என்றார் ஓட்டுநர்.

"ஆமாண்ணா. வீட்சே போகணும்."

"ஏறுங்கோ. ஆரும் சொந்தக்காரர் வீட்டையோ போறியள்?"

"எண்ணெய் மியூசியத்துக்கு."

கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்துக்கொண்டார். "இருபது வருசமா இஞ்ச ஓடுறன். அதுக்குப் போற முதல் தமிழ் ஆள் நீங்கள்தான்."

பெயர் வசீகரன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. நான் ரகசியம் காக்கத் தெரியாதவள். இரண்டாவது சிக்னலுக்குள் தம்பி கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். ஒரு நாடு தன் கிணற்றைத் தானே அழிக்குமா அண்ணா என்று கேட்டதற்கு, "பாத்திட்டு வாங்கோ, மூண்டு மணிக்கு வாறன், அப்ப கதைப்பம்" என்று இறக்கிவிட்டார். மீட்டரில் 46 யூரோ.

அருங்காட்சியகம் முக்கால்வாசி திறந்தவெளி. மரக் கோபுரம், தலையாட்டும் பம்புகள், இரும்புக் குழாய்கள். பெரிய கூட்டமில்லை. குழந்தைகளோடு போனால் ஓடி விளையாட இடம் உண்டு. இந்த ஊரில் ஒரு காலத்தில் எண்ணெய் எடுத்திருக்கிறார்கள் என்பதை அங்கு போகும்வரை நான் நம்பவே இல்லை. இரண்டு மணி நேரம் தாராளமாகப் போதும்.

எண்ணெய்க் கிணற்றின் வாயை மூடித் திறக்கும் கிணற்றுத் தலை என்று ஓர் ஆள் உயரத்துக்கு வால்வுகள் அடுக்கிய இரும்புத்தூண் இருந்தது. பக்கத்தில் நின்ற தன்னார்வலரிடம், இதை மூடினால் வேண்டும்போது திறந்துகொள்ளலாமா என்று என் ஜெர்மனில் கேட்டேன். அவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். சிலது திறக்கும், சிலதில் அடியிலிருந்து தண்ணீர் ஏறிவிடும், சிலதில் மெழுகு உறைந்து அடைத்துக்கொள்ளும், எது எப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார். வெடி வைத்துத் தகர்த்தால் கேட்கவே வேண்டாம். எனக்கு நிம்மதியாகிவிட்டது. இவ்வளவு நஷ்டத்தை எந்த நாடு தன் தலையிலேயே போட்டுக்கொள்ளும்? சும்மா மிரட்டல்தான், கையெழுத்துப் போடு என்று தம்பியிடம் சொல்ல வாக்கியங்களைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

சரியாக மூன்று மணிக்கு டாக்சி வந்தது. கண்டுபிடித்ததைப் பெருமையாக ஒப்பித்தேன். வசீகரன் அண்ணை மீட்டரைப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

"எங்கட அப்பா செய்தவர்," என்றார்.

"என்ன செஞ்சார்?"

"தொண்ணூற்றைஞ்சில ஆமி வருகுதெண்டு ஊரை விட்டு வெளிக்கிடேக்க எனக்குப் பதினேழு வயது. மண்ணெண்ணைக்குப் பெரிய தட்டுப்பாடு, விளக்குக்குக்கூட அளந்துதான் ஊத்துறது. வீட்டில இருந்த ஒரு கலன் எண்ணையையும் அப்பா கொண்டுபோய் எங்கட கிணத்துக்குள்ள ஊத்திப்போட்டு வந்து சைக்கிளில ஏறினவர். ஆமி வந்தா ஒரு வாய் தண்ணி குடிக்கக் கூடாதாம்."

"யார்கிட்டயாவது சொல்லிட்டுச் செஞ்சாரா?"

"வெருட்டுறதெண்டாத்தானே சொல்லவேணும்? ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கோவத்தில செய்தது." வேகத்தைக் குறைத்து ஒரு டிராக்டருக்கு வழி விட்டார். "பக்கத்து வீட்டுச் சனமும் எங்கட கிணத்திலதான் அள்ளுறது. அவையள் வெளிக்கிடேல்லை. அதை அப்பா யோசிக்கேல்லை. வேற தண்ணி இல்லாம ஆமி வர முதல் அவையள்தான் குடிச்சது."

இரும்புத்தூணைப் பார்த்து நான் போட்ட லாப நஷ்டக் கணக்கில் கோபம் என்ற ஒன்றைச் சேர்க்கவே இல்லை. டிவியில் சத்தம் போட்டுச் சொல்கிறவர்களுக்கு எதிராளி பயப்பட்டால் போதும், அழிக்கத் தேவையில்லை. அழிப்பதென்று முடிவு செய்தவன் வசீகரன் அண்ணையின் அப்பாவைப் போல வாயைத் திறக்காமல் செய்துவிட்டுப் போகலாம்.

செல்லேயில் நடைமேடையில் நின்று செந்திலைக் கூப்பிட்டேன்.

"உங்க ஊர் டிவியில இன்னும் மிரட்டிட்டுத்தானே இருக்காங்க?"

"இல்லக்கா. போன வாரத்துலேர்ந்து ஒரு பேச்சும் இல்ல. எல்லாம் அடங்கிடுச்சு போல."

"வேலையில எதாவது மாத்தம்?"

"எங்க ஷிஃப்ட்ல உள்ளூர்க்காரங்க நாலு பேரை மட்டும் தனியா டிரெய்னிங் கூட்டிட்டுப் போனாங்க. என்ன டிரெய்னிங்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க. ஏன்?"

"கையெழுத்துப் போடாத. கிளம்பி வா."

கிணற்றுக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டான். சம்பளத்தைப் பற்றியும் திருச்சி வீட்டுக் கடனைப் பற்றியும் புலம்புவான் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட யாருமே சொல்லலையாக்கா?"

"இல்லடா."

"சரி. சாப்பாட்டு நேரத்துல மெஸ்ல நம்ம ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. நான் சொல்லிடறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அறுநூறு கிலோமீட்டர் போயும் நான் என் தம்பி ஒருவனைத்தான் யோசித்திருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: குளிர்காலத்தில் மூடியிருக்கும், திறக்கும் மாதங்களைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வாரக் கடைசியில் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஃபோன் செய்யுங்கள், இல்லாவிட்டால் என்னைப் போல நிற்பீர்கள். பக்கத்தில் கடை கிடையாது, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோன புளியோதரையில் பாதி வசீகரன் அண்ணைக்குப் போனது, நல்லெண்ணெய் கூடிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

செந்தில் அடுத்த மாதம் ஐந்தாம் தேதி திருச்சியில் இறங்குகிறான். அவனோடு அறையில் இருக்கும் மூவரில் இரண்டு பேர் அதே விமானத்தில் வருகிறார்கள். மூன்றாவது ஆள் மன்னார்குடிக்காரர், பெயர் பாஸ்கர். கிணற்றுக் கதையைக் கேட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் அந்த நாட்டு அமைச்சர் டிவியில் மிரட்டினால் நிம்மதியாகத் தூங்குகிறேன். ஒன்றும் பேசாத நாட்களில்தான் தம்பிக்கு ஃபோன் செய்து பாஸ்கரைப் பற்றி விசாரிக்கிறேன்.