தொட்டியடி மணல்

அணையின் அடிவாரத்தில் கசிவு நீரை அளக்கும் வேலை அவருடையது. மண்ணால் கட்டிய அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிகிற தண்ணீர் ஒரு சிமெண்ட் தொட்டியில் வந்து விழும். அது எவ்வளவு உயரத்துக்கு வழிகிறது என்று பார்த்து அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மனிதருக்குச் சுத்தப் பைத்தியம். வந்ததும் வராததுமாகத் தொட்டிக்குள் இறங்கி, பாசியைத் தேய்த்து, அடியில் படிந்த மணலை வாரிப் புதரில் கொட்டினால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. ‘துடைப்பம்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். சோதனைக்கு வரும் அதிகாரிகள் பளிச்சென்று கிடக்கும் தொட்டியை எட்டிப் பார்த்து, "இங்கயே உக்காந்து சாப்பிடலாம் போலிருக்கே" என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அன்றைக்கெல்லாம் துடைப்பத்துக்குத் தலைகால் புரியாது.

அவர் தம்பிக்கும் அங்கேதான் வேலை. சரிவில் புல் வெட்டுவார். அண்ணன் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்த வேலை அது. ஒரு முற்பகல், மேல்சரிவில் மிஷினோடு நின்றிருந்த தம்பி நின்ற இடத்திலேயே காணாமல் போனார். ஓடிப்போய்ப் பார்த்தால் கிணறு மாதிரி ஒரு குழி. தோண்டி எடுத்தபோது உயிர் இல்லை.

"எவன் கோட்டை விட்டான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேம்மா" என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் துடைப்பம் மறுபடி வேலைக்கு வந்தார். அந்த ஆள் மட்டும் கையில் கிடைக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வேறு எதற்காகவும் அவருக்கு உயிர் வாழப் பிடிக்கவில்லை.

விசாரிக்க வந்த பெண் பொறியாளர், பச்சைச் சாயம் கலந்த தண்ணீரைக் குழிக்குள் விடச் சொன்னார். எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். வெயில் தாழ்வதற்குள் தொட்டித் தண்ணீர் பச்சையாக மாறியது.

"குழிக்கும் இங்கயும் உள்ளுக்குள்ள வழி இருக்கு" என்றார் பொறியாளர். "அவ்ளோ பெரிய குழி ஒரே நாள்ல விழாது. உள்ள இருக்கிற மண்ணு கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டு இந்தத் தொட்டிக்குத்தான் வந்திருக்கணும். ஆனா தொட்டியில மண்ணே இல்லையே. அதுதான் எனக்குப் புரியல."

துடைப்பம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வந்துச்சு மேடம். தினமும் வந்துச்சு. நான்தான் வாரி வெளிய கொட்டினேன்."

"எப்ப இருந்து?"

"போன மழைக்கு முன்னாடியே. வர வர ஜாஸ்தியாச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"தண்ணி அளவு மட்டும்தான் கேப்பாங்க. இது வெறும் அழுக்குதானேன்னு விட்டுட்டேன்."

பொறியாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அந்த மண்ணு வர்றது தெரிஞ்சிருந்தா சரிவுல யாரையும் ஏற விட்டிருக்க மாட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி இந்த அணை தேறாது, தண்ணீரைத் திறந்துவிட வேண்டியதுதான் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். துடைப்பத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. பாழாய்ப்போன கை, ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கக் கூடாதா?

வீட்டு வாசலிலேயே தம்பி மனைவி நின்றிருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டாங்களா மாமா?"

"ம்."

"யாரு?"

"நான்தாம்மா. தொட்டியில மண்ணு வந்துச்சு. அதை வாரி வாரிக் கொட்டிட்டேன்."

அவள் முகம் கோபத்தில் சிவந்தது.

"தொட்டியைச் சுத்தமா வெச்சது ஒரு குத்தமா? வாயில்லாத ஆளுன்னு உங்க தலையில கட்டப் பாக்குறாங்க. நீங்க சும்மா இருங்க மாமா. நாளைக்கு நானே வந்து அவங்கள நாக்கைப் பிடுங்குற மாதிரி கேக்குறேன்."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் குடிக்காமல் திண்ணையில் வைத்தார்.

"கொஞ்சம் உக்காரும்மா" என்றார். அவளுக்கு விளங்குகிற மாதிரி அவ்வளவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.