புகை அடங்கும் வரை உட்காரும் வேலை

அந்த மருத்துவமனையில் அவரைப் புகையண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. எலக்ட்ரீஷியன் வேலை. பெயர் வந்த கதை வேறு.

கீழ்த்தளத்தில் பிணவறைக்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன அறை இருந்தது. இறந்தவரை எடுத்துப் போவதற்கு முன் குடும்பத்தார் சற்று நேரம் கூட இருந்து கும்பிட ஒதுக்கிய இடம். பெரும்பாலும் சாம்பிராணி போடுவார்கள். சிலர் குங்கிலியம் கொண்டுவருவார்கள். ஒரு முறை அந்தப் புகை, கூரையில் புகையைக் கண்டறிய வைத்திருந்த டிடெக்டரை எட்டி அலாரம் அலறிவிட்டது. அத்தனை மாடி நோயாளிகளும் குளுக்கோஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி தெருவுக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நிர்வாகம் ஒரு விதி வைத்தது. யார் சாம்பிராணி போடுவதென்றாலும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். அவர் அந்த அறையின் அலாரத்தைப் பேனலில் நிறுத்துவார்; ஏணி போட்டு ஏறி டிடெக்டருக்குப் பிளாஸ்டிக் மூடி மாட்டுவார்; புகை அடங்கும் வரை தீயணைக்கும் உருளையோடு அங்கேயே உட்கார்ந்திருப்பார். அடங்கியதும் மூடியைக் கழற்றி, அலாரத்தைப் போட்டுவிட்டுப் போகலாம்.

மற்ற இரண்டு எலக்ட்ரீஷியன்களும் இந்த வேலை என்றால் நழுவிவிடுவார்கள். ஒருவருக்குப் பிணம் என்றாலே பயம். இன்னொருவர், யாராவது அழுதால் தானும் அழுதுவிடுவார். ஒரு தடவை செத்தவரின் சொந்தக்காரர்களே அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று. ஆகவே எல்லாம் இவர் தலையில் விழுந்தது.

கதவோரம் ஓர் இரும்பு நாற்காலி. அதில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல சாம்பிராணி கங்கின் மேல் விழுந்ததும் உருகி, குமிழிவிட்டு, வெள்ளையாக நேரே எழும், சீக்கிரம் கரையும். மட்டமான சரக்கு கறுத்துப்போய் ஆள் உயரத்திலேயே சுற்றும். அவருக்கு அதெல்லாம் எப்போது எழுந்து போகலாம் என்பதற்கான கணக்கு மட்டுமே. அழுகையும் காதுக்குப் பழகிவிட்டது, மின்விசிறிச் சத்தம் போல.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்துவந்தாள். வாய் ஓயாது. அவர் சட்டையில் சாம்பிராணி வாடை அடித்தால் வாசலிலேயே நிறுத்துவாள். "இன்னைக்கு எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? எல்லாருக்கும் சேர்த்து உலை வைக்க என்னால முடியாது" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றுவார்.

ஒரு நாள் காலை, பட்டன் வாங்கப் போனவள் கடைப்படியிலேயே சரிந்துவிட்டாள். அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மேல்மாடியில் ட்யூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தவரைக் கூட்டிவருவதற்குள் உயிர் போய்விட்டது. டாக்டர் தோளைத் தொட்டுச் சொன்னார். இவர் தலையாட்டினார்.

"மேல ஒரு ட்யூப் பாதியில நிக்குது சார். மாட்டிட்டு வந்துடறேன்" என்றார்.

தடுப்பதா வேண்டாமா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. போய் மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தார்.

மகள் வெளியூரில் இருந்தாள். மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்தாள். மனைவியின் தம்பி ஒரு பொட்டலம் சாம்பிராணியோடு வந்தார். "அம்மாவுக்குப் போடணும்பா" என்று மகள் சொன்னதும் இவர் எழுந்து பேனல் பக்கம் நடந்தார். பிணவறைக் காவலாளி பின்னாலேயே ஓடிவந்தார்.

"அண்ணே, இன்னைக்கும் நீங்களா? வேற ஆளைக் கூப்பிடறேன், இருங்க."

"ஒருத்தருக்கு லீவு. இன்னொருத்தர் வந்தா அழுதுடுவாரு."

அவர் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அலாரத்தை நிறுத்தினார். ஏணியைக் கொண்டுவந்து, ஏறி, மூடியை மாட்டினார். இறங்கிப் போய்க் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அங்க ஏம்ப்பா உட்கார்றீங்க? அம்மா பக்கத்துல வாங்க."

"புகை அடங்கட்டும்மா."

"யாரோ மாதிரி உட்கார்ந்திருக்கீங்களே!"

அவருக்கும் அப்படித்தான் இருந்தது. யாரோ ஒரு குடும்பம், யாரோ ஒரு பெண். துணிக்கு வெளியே அவளுடைய கை தெரிந்தது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போன கை. அதைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். மைத்துனர் அழுதுகொண்டே சாம்பிராணியைக் கைநிறைய அள்ளிப் போட்டார்.

"கொஞ்சமா போடுங்க மச்சான். இவ்வளவு போட்டா லேட்டாகும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் அதன் பிறகு அவரிடம் பேசவில்லை. காரியமெல்லாம் முடிந்து பஸ் ஏறும்போதும், "வரேன்" என்ற ஒரு சொல்லோடு சரி.

அவர் வேலைக்குத் திரும்பினார். வீட்டுக்குத் துணி கேட்டு வருகிறவர்களுக்குக் குவியலில் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒருத்தி வேறொருத்தியின் பாவாடையை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். பசித்தபோது சாப்பிட்டார். தூக்கமும் வந்தது. அதுவே அவருக்கு விநோதமாக இருந்தது.

இடையில் சாம்பிராணி போட யாரும் கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்துத்தான் கீழ்த்தளத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெரியவர் இறந்திருந்தார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். இவர் மூடியை எடுக்க அலமாரியைத் திறந்தார். வழக்கமாக எடுக்கும் மூடி இல்லை. யாராவது இடம் மாற்றி வைத்திருப்பார்கள் என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். டிடெக்டருக்கு ஏற்கெனவே மூடி மாட்டியிருந்தது.

மனைவி கிடந்த அன்று அவர் மாட்டியதுதான். பேனலில் அலாரத்தைத் திரும்பப் போட்டிருக்கிறார், மூடியைக் கழற்றவில்லை. இத்தனை வாரமும் அந்த அறையில் தீப்பிடித்திருந்தாலும் ஒரு சத்தம் வந்திருக்காது. ஏணியிலேயே நின்றார்.

"முடிஞ்சுதாங்க? போடலாமா?" என்று கீழேயிருந்து மூத்த பிள்ளை கேட்டார்.

"போடுங்க."

புகை அடங்கியதும் மூடியைக் கழற்றினார். அதை எடுத்துக்கொண்டு போய்க் கட்டடப் பொறுப்பில் இருந்த இன்ஜினியரம்மாவின் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னார்.

"எப்போலேர்ந்து?" என்றார் அந்த அம்மா.

"எங்க வீட்ல அவ போன அன்னைக்கிலேர்ந்து மேடம்."

இன்ஜினியரம்மா மூடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோங்க. பொண்ணு வீட்டுக்குப் போங்க. இது தண்டனை இல்லை, புரியுதா?"

"புரியுது மேடம்" என்றார். புரியவில்லை.

மகள் வீட்டில் பேச்சு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. காபி வேணுமா, வேணும். மருமகனுக்கு வேலை நேரம் முன்னே பின்னே; பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. அவர் போய்ச் சேர்ந்த மறுநாள் பொழுது சாயும் வேளையில் மகள் ஒரு பழைய கரண்டியில் கங்கு எடுத்து, அம்மா படத்துக்கு முன்னால் வைத்துச் சாம்பிராணி போட்டாள். அவர் எழுந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"என்னப்பா தேடறீங்க?"

"டிடெக்டர் எங்க இருக்குன்னு."

"இது வீடுப்பா."

அவர் உட்கார்ந்தார். பிறகு மூடி விஷயத்தைச் சொன்னார். எதற்காகச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். அவள் கரண்டியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"மறந்துட்டீங்களா? நீங்களா?"

"ஆமா."

"அன்னைக்கு உங்க மேல எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா?"

"தெரியும்மா."

"இன்னமும் அழுகை வரலையா?"

"வரல."

"வரலைன்னா விடுங்க. என்ன அவசரம்?" என்றாள். கரண்டியை அவர் பக்கம் தள்ளினாள். "அணையப் போகுது. ஊதுங்க."

குனிந்து ஊதினார். சாம்பல் பறந்து புருவத்தில் ஒட்டியது. அவள் அதைத் தட்டிவிட்டாள். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் தன் கையால் போட்டது அதுதான் முதல் தடவை. புகை நேராக முகத்தில் அடித்துக் கண்ணில் நீர் வழிந்தது.

"இது புகையால" என்றார்.

"சரிப்பா."

லீவு முடிந்து திரும்பினார். அதே வேலைதான், அதே அறைதான். தினமும் சாயங்காலம் மகள் போன் செய்கிறாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அங்க மழையா, இல்லை. அதோடு சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் இருவரும் போனை வைப்பதில்லை. அந்தப் பக்கம் அவள் பாத்திரம் கழுவுகிறாள். இவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.