மாப்பிள்ளையின் காவல்

மலர்கொடி வாயைத் திறந்தால் கடற்கரையில் காக்கா உட்காராது. ஏலத்தில் அவளோடு மல்லுக்கட்டிய வியாபாரிகள் மறுநாள் தள்ளி நின்றுதான் விலை கேட்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரு நாய்க்குட்டியிடம், "மாப்ள, உக்காருங்க" என்றதை வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் எங்கள் துறையே கேட்டது. கட்டிய புருஷன் அய்யாவு, அவனுக்குக்கூட அந்த 'ங்க' கிடைத்ததில்லை.

குட்டி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. அவளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போடுகிறவர்கள். கருவாடு காயும் இடத்தில் நாயா? அரிசி மூட்டைக்கு எலியைக் காவல் வைக்கிற கதைதான். நேராகவே சொல்லிவிட்டேன்.

"இந்தா மலரு, இது ஒத்த மீன்ல வாய வச்சாலும் ஐஸ் வண்டியில ஏத்தி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிருவேன். அப்பறம் அழுவக் கூடாது."

"சரி வேம்பக்கா. வாய வச்சா நானே ஏத்தி விடுறேன்."

சொன்னாளே தவிர, முகம் செத்துப்போயிற்று. பிள்ளையில்லாத வீடு. அய்யாவு கடலுக்குப் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு அந்தக் குட்டிதான். அது எனக்கும் தெரியும். அதற்காக என் கருவாட்டை விட முடியுமா?

குட்டியை வலைக்கு வெகுதூரத்தில் உட்கார வைப்பாள். அது மீனைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தால், "அட என் ராசா!" என்று ஒரு நெத்திலி. அப்புறம் கொஞ்சம் கிட்டே நகர்த்துவாள். வலை மேல் பாய்ந்தால் திட்டு கிடையாது. தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைப்பாள். மறுபடி முதலிலிருந்து. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் பொறுமை போனது.

"ரெண்டு போடு போட்டா கத்துக்கும்டி."

"எங்க சித்தி அடிச்சுத்தான்க்கா எனக்கு வேல கத்துக்குடுத்துச்சு. நான் கத்துக்கிட்டது ஒளிஞ்சிக்கத்தான்."

நான் குனிந்து என் நெத்திலியைப் புரட்டிப்போட ஆரம்பித்தேன்.

மழைக்காலம் வருவதற்குள் குட்டி தேறிவிட்டது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கணக்காக வலையோரம் உட்கார்ந்திருக்கும், பரிமாறினால்தான் சாப்பிடும். என் வலையோரமும் வந்து உட்காரும். திருடினால் விரட்டலாம். மரியாதையாக உட்கார்ந்து முகத்தையே பார்க்கிறதை என்ன செய்வது? நானும் ஒன்றை எறிந்து தொலைப்பேன்.

படகு வந்தால் எல்லோரும் ஏலத்துக்கு ஓடுவோம். முறை வைத்து ஒருத்தி மட்டும் கம்போடு காவல் இருப்பாள். அன்றைக்கு மலர்கொடி முறை. காற்று பலமாக இருந்தது. அய்யாவு போன படகு நேரமாகியும் வரவில்லை. தூரத்தில் அது தெரிந்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மாப்ள, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் பின்னாலேயே ஓடிவந்துவிட்டாள்.

அய்யாவு நல்லபடியாக இறங்கினான். நாங்கள் திரும்பியபோது ஊர் நாய்களெல்லாம் பந்தி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தன. என் வலை, அவள் வலை, இரண்டும் காலி. நடுவில் மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. குரைத்த மாதிரியும் தெரியவில்லை. குரைக்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. எச்சில் ஒழுகி நெஞ்செல்லாம் நனைந்திருந்தது. முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரே ஒரு நெத்திலி, முழுசாக.

காலி வலையை உதறிக் காட்டினேன். "அடிப்பாவி! இதுக்கா இத்தன நாளு கொஞ்சுன? ஏத்துடி வண்டியில!"

மலர்கொடிக்கும் போனது போனதுதான். குனிந்து அந்த நெத்திலியை எடுத்தாள்.

"வாய வைக்கலையேக்கா" என்றாள். பிறகு குட்டியிடம், "சாப்புடுங்க மாப்ள."

அது தின்று முடித்தது. என் பக்கம் திரும்பியது. ஒழுங்காக உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. எறிவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. குனிந்து தலையைத் தடவிக்கொடுத்தேன், சனியனை.